சில்வெஸ்டரின் தலைக்கு மேலே

ஆறடி நாலங்குல மனிதரை அந்தக் காருக்கு டிரைவராக வைத்துக்கொள்ளலாம் என்று யாருக்காவது தோன்றுமா? அபினவுக்குத் தோன்றியது. தொண்ணூற்றொன்பதில் அமெரிக்காவிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்குத் திரும்பி வந்த சாஃப்ட்வேர்காரப் பிள்ளை அவன். வந்ததும் வராததுமாக, இரண்டே சீட்டும் துணிக்கூரையும் கொண்ட ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டான். பெங்களூர் டிராஃபிக்கில் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை உதறுகிறது என்பது வாங்கின பிறகுதான் தெரிந்தது. ஆக, டிரைவர் வேண்டும்.

காக்ஸ் டவுனில் சில்வெஸ்டர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பிஸ்கட் கம்பெனியின் டெலிவரி வேனை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய டிரைவரை அப்புறம் எவன் கூப்பிடுகிறான்? அபினவ் கூப்பிட்டான். கூப்பிட்டவன் ஒரு நிபந்தனையும் போட்டான்.

"அங்கிள், அந்த சீட் உங்களுக்கு வசதியா இருக்கணும். இந்த வாரத்துக்குள்ள சரிவந்தா வேலை உங்களுது. இல்லேன்னா தப்பா நினைச்சுக்காதீங்க, சேஃப்டி விஷயம்."

சில்வெஸ்டருக்குக் குழப்பம் அங்கேயே பிடித்துக்கொண்டது. வசதியா? டிரைவருக்கா? வேனுக்கு அவர் சரிப்பட்டு வந்தார், அவருக்கு வேன் சரிப்பட்டு வந்ததா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வீட்டு வாசல் நிலையும் பஸ் கூரையும் அப்படித்தான். 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று ஊரே கன்னடத்தில் சொல்லும், மனிதர் குனிவார். குனிந்து குனிந்தே ஆயுசில் பாதி போய்விட்டது.

காருக்குள் ஏறினார். முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது. தலை கூரையில் இடித்து வலப்பக்கம் சாய்ந்தது.

"எப்படி இருக்கு அங்கிள்?"

"பரவாயில்ல சார்."

"என்ன பரவாயில்ல? பொட்டலம் கட்டி வெச்ச மாதிரி இருக்கீங்க."

பிரேசர் டவுனில் நாணுவின் ஒர்க் ஷாப்புக்குக் காரைக் கொண்டுபோனார்கள். நாணு சீட்டைப் பின்னால் தள்ளிப் பொருத்தினான். சின்ன ஸ்டீயரிங்காக மாற்றினான். கால் தப்பித்தது, தலை மட்டும் அப்படியே சாய்ந்திருந்தது. சீட்டை இறக்கினான். அப்போதும் சாய்ந்திருந்தது. பஞ்சை உருவிப் போட்டான். ஊஹூம். கடைசியில் சீட்டையே கழற்றிவிட்டு, தரையில் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போட்டு அவரை உட்கார வைத்தான். பள்ளத்தில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது மனிதருக்கு.

"ரோடு தெரியுதா அண்ணா?"

"கரண்ட் கம்பி தெரியுது."

நாணு உள்ளே கையை விட்டுப் பார்த்தான். தலைக்கும் கூரைக்கும் நடுவே முழங்கை வரைக்கும் போயிற்று. தலையைச் சொறிந்துகொண்டு அபினவைப் பார்த்தான். இடம் இருக்கிறது. ஆனால் இந்த மனிதர் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். இது என்ன கூத்து?

"இடிக்குதா அண்ணா?"

"இடிக்குதுப்பா."

"எங்க?"

எங்கே என்று சில்வெஸ்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இடிக்கிறது, அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வாரம் வேறு முடியப் போகிறது. இன்றைக்குச் சரிவரவில்லை என்றால் வீட்டில் மனைவி பிலோமினாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

அபினவுக்குப் பொறுமை போய்விட்டது. "நாணு, சீட்டை முதல்ல இருந்த உயரத்துலயே மாட்டு. கூரையை மடக்கிடு."

சீட் ஏறியது, கூரை மடங்கிப் பின்னால் போயிற்று. சில்வெஸ்டரின் தலைக்கு மேலே ஒரு மழைமரம் இருந்தது, அதற்கு மேலே வானம். தலை வலப்பக்கம் சாய்ந்தேதான் இருந்தது.

"இப்ப?" என்றான் அபினவ்.

"பரவாயில்ல சார். லேசா இடிக்குது."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கையை மெதுவாக மேலே தூக்கித் தடவிப் பார்த்தார். கை போய்க்கொண்டே இருந்தது, அங்கே ஒன்றும் இல்லை. நாணு மெல்ல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சில்வெஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. இத்தனை நாள் பழுது காரில் என்று நினைத்தார்களே, இப்போது என்ன நினைப்பார்கள்? பழுதான டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்?

"சார், வேற ஆளு பாக்காதீங்க," என்றார். "எதுக்கெல்லாமோ அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன். நிமிர்றதுக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

அபினவ் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கூரையைத் திரும்ப மூட வந்த நாணுவைக் கையால் நிறுத்தினான்.

"கூரை வேண்டாம். வண்டியை எடுங்க அங்கிள்."

மாஸ்க் ரோடு முழுக்க வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அபினவ் மெதுவாகச் சொன்னான், "அங்கிள், மேல ஒண்ணும் இல்ல." சொன்னதும் சில்வெஸ்டர் நிமிர்வார், கழுத்தில் ஏதோ சடசடக்கும். அடுத்த திருப்பத்துக்குள் தலை தானாகச் சாய்ந்துவிடும். மறுபடி நிமிர்வார்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது பிலோமினா தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"வேலை என்னாச்சு?"

"கெடைச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் கழுத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"நிமிர்ந்து ஓட்டினேன்," என்றார் சில்வெஸ்டர். "வலிக்குது."