இரண்டு கதவு காரும் ஓர் இன்ச் டேப்பும்

போன ஞாயிறு காலை காபி டம்ளருடன் ஹாலுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் தரையில் மண்டி போட்டு நாற்காலியை இன்ச் டேப்பால் அளந்துகொண்டிருக்கிறார். சோபா முடிந்து, டைனிங் நாற்காலி முடிந்து, பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு வந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். இந்த மனிதர் சும்மா எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

விஷயம் ஒரு கார். சொகுசுக் கார் கம்பெனி ஒன்று சின்ன சைஸில், ஸ்போர்ட்ஸ் கார் தினுசில் ஒரு கூபே கொண்டுவரப் போகிறது. பெயர் சொல்ல மாட்டேன், இலவச விளம்பரம் எதற்கு? கூபே என்றால் இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, நம்மையும் மடக்கிக்கொண்டு நுழைய வேண்டும். எட்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு.

கம்பெனிக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு மாதம் பின்பக்க விளக்கை மட்டும் போட்டோ போட்டான். அடுத்த மாதம் ஒரு பக்கக் கண்ணாடி. பெண் பார்க்கப் போனால்கூட முழு முகத்தைக் காட்டிவிடுவார்கள். இவ்வளவு மூடி மறைக்கிறான் என்றால் உள்ளே ஏதோ கோளாறு என்றேன். "அது சஸ்பென்ஸ்" என்றார் இவர்.

இருக்கட்டும். என் சந்தேகம் கார் மேல் இல்லை... இவர் மேல்.

நீங்களே சொல்லுங்கள். டெல்லியில் மயூர் விஹார் வீட்டிலிருந்து லோதி ரோடு ஆபீசுக்கு மெட்ரோவில் போய் வருகிறவர். ரிட்டையராக இரண்டு வருஷம். எங்கள் பழைய காரில் மூன்றாவது கியரைத் தாண்டினாலே பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறவர். இவருக்கு எதற்கு ஸ்போர்ட்டி? அதுவும் இரண்டு கதவு?

அதுவும் இப்போது?

ஏனென்றால் என் அம்மா வருகிறாள். திருச்சியில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மா தீபாவளி கழிந்ததும் எங்களோடு இருக்க வருகிறாள், இனி நிரந்தரமாக. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதைச் சொன்னபோது இவர் "சரி, வரட்டும்" என்றார். அவ்வளவுதான். அது சந்தோஷச் சரியா, வேறு வழியில்லாத சரியா? கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டு, அவர் ஒரு நொடி தயங்கிவிட்டால்? அந்தத் தயக்கத்தைப் பார்த்த பிறகு அம்மாவை நான் எப்படி இந்த வீட்டுக்குள் கூட்டி வருவேன்?

அந்த இரண்டு மாதத்தில் இவருக்குக் கார் ஆசை குறையவில்லை, கூடிவிட்டது. எங்கள் சொசைட்டியில் ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரே பார்க்கிங். டெல்லியில் காருக்கும் ரிட்டையர்மெண்ட் வயசு உண்டு, எங்கள் பழைய கார் அதை நெருங்கிவிட்டது. ஆக, இனி இருக்கப்போவது ஒரே கார். முழங்கால் மடங்காத ஒரு அம்மா ஏற முடியாத கார். நான் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு?

இதற்கு நடுவே போன மாதம் பால்கனியில் ஒரு போன். என் தம்பியோடு, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அத்தையால முடியலன்னா வேற யோசிச்சுக்கலாம் குமார்... உங்கக்காகிட்ட இப்ப சொல்லாத."

அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போடவே மறந்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். குற்றமுள்ள மனசு இல்லையென்றால் உப்பில்லாத சாம்பாரை யாராவது பேசாமல் சாப்பிடுவார்களா?

ஞாயிறு மத்தியானம் ஷோரூமில் அந்தக் காரின் தரிசனம். ரிலீசுக்கு முன்னால், பெயர் கொடுத்து வைத்தவர்களுக்கு மட்டும். உண்மையைத் தெரிந்துகொண்டே தீருவது என்று நானும் கிளம்பினேன்.

பொய் சொல்ல மாட்டேன், கார் அழகு. ரத்தச் சிவப்பில், தரையோடு தரையாக நின்றது. இவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை எங்கள் பெண் பிறந்த அன்று பார்த்தது. சேல்ஸ்மேன் ஓடி வந்தார். "ஆயியே சார், டிரைவிங் சீட் பே பைட்டியே நா."

அவர் உட்காரச் சொன்ன டிரைவர் சீட்டில் இவர் உட்காரவில்லை. சுற்றிப் போய் மறுபக்கத்துக் கதவைத் திறந்தார். பாக்கெட்டிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். தரையிலிருந்து சீட் வரை அளந்து, ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். சேல்ஸ்மேன் என்னைப் பார்த்தார், நான் மேலே விளக்கைப் பார்த்தேன்.

"ஆகாது. வா, போலாம்."

"என்ன ஆகாது?"

"அத்தை கை ஊணாம எழுந்திருக்கற நாற்காலி எவ்ளோ உசரம்னு குமாரை அளந்து சொல்லச் சொன்னேன். இது அதைவிட நாலு இன்ச் தாழ்வு. உக்காந்துடுவாங்க, எழுந்திருக்க முடியாது."

"அப்போ காலையில நாற்காலியெல்லாம் அளந்தது?"

"நம்ம வீட்ல எது அவங்களுக்குச் சரியா வரும்னு பாத்தேன். டைனிங் நாற்காலி சரியா இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மாவைக் காட்டியே காரை வேணாம்னுடுவ. அளந்து பாத்துட்டுச் சொல்லலாம்னுதான். முன் சீட்ல அத்தை, பின்னாடி நீ... அப்படின்னு நெனச்சு வெச்சிருந்தேன்."

காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்காமல், இரண்டு மாதமாகப் பதிலை மட்டும் நானே விதவிதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

வாசலில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நீங்க அதையே வாங்கிக்கோங்க. அம்மாவுக்கு டாக்ஸி வெச்சுக்கலாம்." மனசாரத்தான் சொன்னேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் திடீர்னு? உங்க வீட்லேர்ந்து இன்னும் யார் யார் வராங்க?"