பச்சைமலையில் ஐந்தாவது வளைவு

என் தோழி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. திருச்சி தில்லை நகரில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறாள். கோயம்புத்தூரில் யாரோ இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்ற வண்டி அது. கருநீல நிறம், இரண்டே கதவு, தரையோடு ஒட்டினாற்போல உயரம். பின்னால் இருக்கை என்று ஒன்று உண்டு. அதில் யார் உட்கார முடியும் என்று மட்டும் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

அவள் வாங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேரில் அவள்தான் துணிந்தவள். எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று அடைமழை. ஆட்டோ எதுவும் வரவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரி வரை என்னை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிப்போனவள் அவள். "கத்தணும்னா கத்து, விழுந்துடாதே" என்பதைத் தவிர வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாமவள் துவாக்குடியில் வெல்டிங் பட்டறை நடத்துகிறாள். அவளுடைய வாப்பாவுக்குப் பிறகு அவளே எடுத்து நடத்துவது. டிரைவர் வராத நாளில் லோடு வண்டியையும் அவளே ஓட்டுவாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"மலைக்குப் போகலாம்டி" என்றாள் பல் டாக்டர். "இந்த வண்டி வளைவுக்குன்னே செஞ்சது. பாலத்துல டிராஃபிக்ல நிக்கறதுக்கா வாங்கினேன்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மூவரில் குள்ளம் என்பதால் பின் இருக்கை எனக்கு. முழங்கால் முகவாயில் இடித்தது. டோல்கேட் தாண்டி மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர். ஒவ்வொரு வேகத்தடையிலும் பல் டாக்டர் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்கினாள். அப்படியும் இரண்டு இடத்தில் அடியில் உரசியது. "என் லோடு வண்டி இதைவிட மரியாதையா போகும்" என்று பட்டறைக்காரி சொல்ல, மூன்று பேரும் சிரித்தோம். துறையூரில் பொங்கல் சாப்பிட்டு வெளியே வந்தபோது வண்டியைச் சுற்றி ஏழெட்டு பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் ஓனர் என்று கேட்டு, அவளைப் பார்த்ததும் சற்று வழிவிட்டார்கள்.

சோபனபுரம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளை அவள் அழகாக எடுத்தாள். இன்ஜின் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. பட்டறைக்காரி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றை அளைந்துகொண்டு வந்தாள். மூன்றாவது வளைவில் பல் டாக்டர் பேச்சை நிறுத்தினாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஓட்டுவதில் கவனமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான்காவதில் வண்டி நடந்து போகிற வேகத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாவது வளைவின் நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி இன்ஜின் அணைந்தது.

வண்டி ஓரடி பின்னால் உருண்டது. பட்டறைக்காரி எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இடது பக்கம் சுவர் முழங்கால் உயரம்தான். அதற்குக் கீழே மரங்களின் தலைகள் தெரிந்தன.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணுடி" என்றேன்.

 ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகள் வெளுத்திருந்தன. கழுத்தில் வியர்வை வழிந்தது.

"என்னால முடியல" என்றாள். அவ்வளவு சன்னமான குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "கை எடுக்க வரல. காலும் வரல."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து பஸ் வந்தது. துறையூரிலிருந்து மலைக்குப் போகிற பஸ். ஹாரன் அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. டிரைவர் தள்ளியே நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி வந்து, எங்களிடம் ஒன்றும் கேட்காமல், சாலையோரத்தில் கிடந்த இரண்டு கல்லை எடுத்துப் பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். பிறகுதான் ஜன்னலருகே குனிந்தார்.

"மெதுவா இறங்குங்கம்மா. அவசரமே இல்ல. வண்டி எங்கயும் போகாது."

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு மலைக்காரப் பெண், மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் தோழியின் மூக்கருகே நீட்டினாள். "தலை சுத்துதாம்மா? மோந்து பாருங்க. எங்களுக்கே சில நாளு இப்படித்தான்." என் தோழி அந்தப் பழத்தை வாங்குவதற்காகத்தான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தாள். மற்றதை நானும் பட்டறைக்காரியும் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தோம்.

"நான் ஓட்டட்டுமா?" என்று பட்டறைக்காரி கேட்டாள். கேலி துளியும் இல்லை. தோழி தலையசைத்தாள். என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு அவளே பின் இருக்கைக்குள் புகுந்து, காலை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். நான் முன்னால் உட்காரவில்லை. எப்படியோ அவளோடு பின்னாலேயே நெருக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பிஸ்மில்லா" என்று சொல்லிப் பட்டறைக்காரி சாவியைத் திருப்பினாள். கண்டக்டர் கற்களை நகர்த்தினார். மீதி வளைவுகள் முழுவதும் அந்த பஸ் எங்களை நெருக்காமல் பின்னாலேயே வந்தது.

மேலே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ் எங்களைக் கடந்து போகும்போது எலுமிச்சம்பழம் கொடுத்த பெண் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். தோழி டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

எட்டு மாதம் முன்பு அவளுடைய நோயாளி ஒருவர், ஊசி போட்டவுடன் நாற்காலியிலேயே நினைவிழந்துவிட்டார். இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிட்டது. அவர் எழுந்து, காபி குடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் இவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. உள்ளறைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வருவாளாம்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? எனக்கு பயமா இருக்குன்னா? நீங்க ரெண்டு பேரும் பயந்தா என்கிட்டதானே வருவீங்க." டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள். "இந்த வண்டியை வாங்கி மலை ஏத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். முட்டாள்தனம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடமாக அவளைத் துணிந்தவள் என்று சொல்லிச் சொல்லியே அந்த இடத்தில் அவளைத் தனியாக நிறுத்தி வைத்திருந்தது நாங்கள்தான்.  பட்டறைக்காரிதான் பேசினாள். வாப்பா இறந்த முதல் வருடம், பெரிய ஆர்டர் வரும் நாளெல்லாம் பட்டறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்ததைச் சொன்னாள். எனக்கு அதுவும் தெரியாது. மூன்று பேரும் வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறவர்கள். இத்தனை நாளாக என்ன பேசினோம் என்று இருந்தது.

இறங்கும்போதும் பட்டறைக்காரிதான் ஓட்டினாள். துறையூரில் தோழி சாவியை வாங்கிக்கொண்டாள். சமதளத்தில் அவளுக்குக் கை நடுங்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் போனாள். முதல் தடவை நான் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையில் இளைய டாக்டர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டாள். முடியாத நாளில் ஊசி போடுவதை அவரிடம் விட்டுவிடுகிறாள். அப்படிப்பட்ட நாட்கள் குறைந்திருக்கின்றன என்கிறாள். நின்றுவிட்டன என்று சொல்லவில்லை.

காரை விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். விற்கவில்லை. பிறகு இரண்டு தடவை மூவரும் அதே வழியில் போனோம். ஒரு தடவை அடிவாரத்தோடு சரி. வறுத்த கடலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். போன மாதம் மூன்று வளைவு ஏறினாள். அங்கே வண்டி திருப்ப அகலமான இடம் இருக்கிறது. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்து, "இன்னிக்கு இது போதும்டி" என்றாள். நாங்கள் சரி என்றோம். பொறுமையாக வண்டியைத் திருப்பினாள்.