மரையில் ஒட்டிய காந்தம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஒரு மனிதரின் பதினோரு வருட வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமில்லை.

பாரிசுக்கு வடக்கே, பால் தொழிற்சாலைகளுக்கு வால்வு செய்து தரும் சின்னப் பட்டறை ஒன்றில் நான் தரச் சோதனை பார்க்கிறேன். கோயம்புத்தூரில் படித்த டிப்ளமோ. வீடு பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில். வால்வைத் திறந்து மூடுகிற தண்டுக்கு மரை, அதாவது திருகுப் புரி, போடுபவர் யாழ்ப்பாணத்துக்காரர். லா ஷப்பல் வழக்கப்படி நானும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவேன். முன்பெல்லாம் கடைசல் மெஷினில் வெட்டித்தான் மரை போடுவார். இது நடந்த வருடம் புது மெஷின் வந்தது. அதில் வெட்டே கிடையாது. இரண்டு உருளைகளுக்கு நடுவே கம்பியைக் கொடுத்தால், சூடாக்காமலேயே அழுத்தி உருட்டி மரையை எழுப்பிவிடும். துளி உலோகம் வீணாகாது, மரையும் பலமாக இருக்கும்.

அதில் செய்த முதல் சரக்கே திரும்பி வந்தது. வாங்கிய பால் கம்பெனிக்காரர் மரையில் காந்தம் வைத்துப் பார்த்திருக்கிறார், ஒட்டியிருக்கிறது. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, மட்டமான கம்பியைக் கலந்துவிட்டீர்கள் என்று கடிதம். நானும் மரையில் வைத்தேன். ஒட்டியது. கம்பி கலந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அலமாரியிலிருந்து கம்பி எடுப்பவர் அண்ணை ஒருவர்தான். வெள்ளிக்கிழமை அவரை வேலையை விட்டு அனுப்பப்போவதாக செஃப், அதாவது எங்கள் மேலாளர், சொன்னார்.

அண்ணை நேராக என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"பிள்ளை, வெட்டேக்கை ஒட்டேல்லை. உருட்டினாப் பிறகுதான் ஒட்டுது. கம்பி அதே கம்பிதான்."

காந்தம் பொய் சொல்லாது அண்ணை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். படித்தவள் என்ற திமிர், வேறென்ன.

அன்று மாலை ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் எவர்சில்வர் டம்ளர் வாங்கப் போனேன். பாத்திரக் கடைக்கு நான் காந்தமில்லாமல் போவதே இல்லை. என் தலையைக் கண்டதுமே, சோதனை அதிகாரி வந்துவிட்டார் என்று கடைக்காரர் கிண்டலடிப்பார். டம்ளரின் அடியில் வைத்தேன். ஒட்டவில்லை. வழக்கமாக அதோடு விட்டுவிடுவேன். அண்ணை சொன்னது காதிலேயே நின்றதால் விளிம்பிலும் வைத்துப் பார்த்தேன். லேசாகப் பிடித்து இழுத்தது. இன்னொரு டம்ளர், அதுவும் அப்படியே. ஒரே தகட்டை அழுத்தி இழுத்துச் செய்த டம்ளர் அது. அடிப்பாகம் அவ்வளவாக இழுபடுவதில்லை. விளிம்புதான் படாத பாடு படுகிறது. சூடாக்காமல் நசுக்கினால் இந்த எஃகின் உள்ளமைப்பு மாறிக் காந்தத்தை இழுக்கும் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தது, கடையில் நின்றபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டம்ளரும் வாங்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே செஃப்பிடம் என் அறிக்கை தப்பு என்றேன். அவர் நம்பவில்லை, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அண்ணையையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஒரு தண்டை எடுத்து மரையில்லாத பக்கம் காந்தம் வைத்தேன். ஒட்டவில்லை. மரையில் ஒட்டியது. பிறகு அதே தண்டைச் சோதனை உலையில் ஆரஞ்சு நிறமாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டேன். நசுங்கியதால் வந்த மாற்றமென்றால் அந்தச் சூட்டில் மறைந்துவிடும். மட்டக் கம்பியென்றால் எத்தனை தடவை சுட்டாலும் காந்தம் ஒட்டும். கறுத்துப்போய் வந்த தண்டைத் துடைத்து, காந்தத்தை அண்ணையிடமே கொடுத்தேன். அவர் அதை மரையில் வைத்துக் கையை எடுத்தார். காந்தம் நிற்காமல் மேசையில் விழுந்தது.

செஃப்புக்கு உயிர் வந்தது. பழைய அறிக்கையைக் கிழித்துவிடு, புதிதாக ஒன்று எழுது, உன் தவறு வெளியே தெரிய வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. கிழிக்க மாட்டேன் என்றேன். புது அறிக்கையின் முதல் வரியில், முன்பு சொன்ன முடிவு பிழை, அதைச் சொன்னவள் நான் என்று பெயரோடு எழுதினேன். அடுத்த வரியில், காரணத்தை முதலில் கண்டுபிடித்தவர் மரை உருட்டுபவர் என்று அண்ணையின் முழுப் பெயரை எழுதினேன். பால் கம்பெனி சரக்கை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். இதுதான் நான் எழுதியதிலேயே நல்லது என்று யாரிடமும் சொல்வேன்.

அண்ணை வந்து அதில் ஒரு பிரதி கேட்டார். வேலைதான் போகவில்லையே, இது எதற்கு என்றேன்.

"அப்பா பக்டரியிலை என்ன செய்யிறார் எண்டு என்ரை பிள்ளையளுக்குத் தெரியாது. நான் தமிழிலை சொன்னாக் கேக்காயினம். இது பிரெஞ்சிலை கிடக்கு. வாசிப்பினம்."

இருப்பதிலேயே தடித்த தாளில் அச்செடுத்து, பட்டறை முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.