எஞ்சிய ஒரு சொல்லும் இரண்டு பூக்களும்

உயிர்தோறும் உள்ளிருந்தும், ஓர் உயிரின் உள்ளத்தை மற்றோர் உயிருக்குத் திறந்து காட்டாத குமரப் பெருமானே, உன் திருவடிக்கு வணக்கம். வணக்கத்தோடு ஒரு முறையீடும் உண்டு. அதை இறுதிவரை கேட்டருள வேண்டும். தை மாதத்து வளர்பிறையில் கிருத்திகையும் செவ்வாய்க்கிழமையும் கூடிவந்த இந்த நன்னாளில், விளக்கேற்றி வைத்துவிட்டு எழுதத் தொடங்குகிறேன்.

எண்பதுகளில் திருப்பூரில் எங்கள் வீட்டின் பின்புறம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் சில ஓடின. அவை என் பொறுப்பு. பக்கவாட்டில் இருந்த நீண்ட ஓட்டுக் கட்டடத்தில் செக்கிங் நடக்கும். தைத்து வந்த பனியன்களை மேசையில் விரித்து, ஓட்டையும் கறையும் பார்த்து, தொங்கும் பிசிறுகளைச் சிறு கத்திரியால் வெட்டி, மடித்து அடுக்குவார்கள். அது என் மனைவியின் பொறுப்பு. அவளைச் சுற்றி அருள்புரத்துப் பக்கமிருந்து வரும் பெண்கள் நிற்பார்கள். அவர்களுடைய கைகளைவிட வாய்கள் விரைவாக வேலை செய்தன. மிஷின் ஓசைக்கு என் செவி பழகிவிட்டது. அந்தப் பேச்சுக்குப் பழகவே இல்லை.

மாலையில் குளித்து, நீறணிந்து, பூசை அறையில் அமர்ந்து, அடியார்களின் பழம்பாடல்களைப் பண்ணோடு பாடும் அந்தச் சிறு பொழுதுக்காகத்தான் நான் பகல் முழுவதையும் பொறுத்துக்கொண்டேன். மணமான நாள் முதல் அவள் எதிரே அமர்ந்து கேட்டாள். என்னைப் போலவே அவளும் அந்தப் பொழுதுக்காகவே பகலைக் கடக்கிறாள் என்பதில் எனக்கு ஐயம் எழுந்ததே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, செக்கிங் மேசையருகே அவள் கையிலிருந்த கத்திரி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. கோயம்புத்தூர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது வலக்கை தொங்கிப் போயிருந்தது. வலக்காலை இழுத்து இழுத்து நடந்தாள். பேச்சு முழுவதும் போய், ஒரே ஒரு சொல் எஞ்சியிருந்தது.

“அம்மா, வலிக்குதா?”

“சரிங்க.”

“காப்பி வேணுமா?”

“சரிங்க.”

“போதுமாம்மா?”

“சரிங்க.”

கேட்டவள் எங்கள் ஒரே மகள். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள்தான் எங்களை மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

“பேச்சை எடுத்துக் குடுக்கற எடம் அடிபட்டுப் போச்சுங்க,” என்றார் மருத்துவர். “நாம சொல்றது அவங்களுக்குப் பெரும்பாலும் புரியும். திருப்பிச் சொல்லத்தான் முடியாது. வாயில வர்றது அந்த ஒண்ணுதான், அதைச் சம்மதம்னு எடுத்துக்காதீங்க. தலையாட்டறதையும் நம்ப வேண்டாம், மாறி மாறி வரும்.”

“அப்பா இத்தன வருசம் கூடவே இருந்தவருங்க. அம்மா மனசு அவருக்குத் தெரியுமுங்க,” என்றாள் மகள்.

மருத்துவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அங்கதானுங்க ஆபத்தே. அடுத்தவங்க மனசைப் பாக்கறதுக்கு மூளைகிட்டத் தனியா ஒரு கண்ணு இல்லீங்க. ‘இந்த எடத்துல நான் இருந்தா எனக்கு எப்படி இருக்கும்’னு உள்ளுக்குள்ள கேட்டுப் பாத்துட்டு, அந்தப் பதிலைத் தூக்கி அவங்க மேல போட்டுக்கும். வேத்து ஆளுன்னா கொஞ்சம் தயங்கும். நம்மளை மாதிரியேதான்னு முடிவு பண்ணிட்டா, தயங்கறதே இல்லீங்க.”

“சரிங்க,” என்றேன் நான். “சரிங்க,” என்றாள் மகள். நாற்காலியில் இருந்தவளும் “சரிங்க” என்றாள். பெரியவர் ஒருவர் பேசினால் எதிர்க்காமல் எழுந்து வருவதற்கு எங்கள் பக்கத்தில் அதைத்தான் சொல்வோம். மூவரில் அவள் ஒருத்திக்கு மட்டுமே வேறு வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலைப் பூசை அறையை ஒட்டிய அறைக்கு மாற்றினேன். ஓட்டுக் கட்டடத்தின் பக்கம் திறக்கும் சன்னலை அடைத்தேன். செக்கிங் பெண்கள் உள்ளே வந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாலையில் மட்டும் பாடியதைக் காலையிலும் பாடினேன். நோயுற்றுக் கிடந்தால் அமைதியையும் இறைவன் புகழையும் தவிர வேறெதை ஒரு மனம் வேண்டும்? நான் பாடும்போது அவளுடைய இடக்கை போர்வையைப் பிடித்து விடும், மீண்டும் பிடிக்கும். தாளம் போடுகிறாள் என்று நெகிழ்ந்தேன். தாளம் மிகவும் தப்புகிறதே என்று ஒருநாள் தோன்றியது. நோயின் பேரில் பழியைப் போட்டுவிட்டு மேலே பாடினேன்.

மகளோ ஒவ்வொரு வாரமும் வந்து வேறொரு பாட்டுப் பாடினாள்.

“அம்மாவ எங்கூட்டுக்குக் கூட்டீட்டுப் போறேனுங்கப்பா. காலம் பூரா இந்தப் பஞ்சுத் தூசிலயும் சத்தத்துலயும் கெடந்தாச்சு. இனியாவது நிம்மதியா இருக்கட்டும்.”

“அவளுக்கு நிம்மதி இந்த ஊட்டுலதான், கண்ணு.”

“உங்களுக்குங்கப்பா.”

“சரி, அவளையே கேளு.”

“அம்மா, எங்கூட வந்தர்றியா?”

“சரிங்க.”

“பாத்தீங்களா!”

“ஏன் அம்மிணி, இங்கயே இருந்துக்கலாமா?”

“சரிங்க.”

“இப்ப என்ன சொல்றே கண்ணு?”

“நீங்க கேட்ட தோரணைக்கு, செவுரு கூட சரிங்கன்னு சொல்லும்!”

சின்ன வயதிலிருந்தே இவள் பஞ்சுத் தூசியை வெறுத்தவள். மூக்கைப் பொத்திக்கொண்டே வளர்ந்து, கல்யாணம் என்ற பெயரில் தப்பிப் போனவள். தன் மூக்கைத் தாயின் முகத்தில் ஒட்ட வைத்துப் பார்க்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நாங்கள் இப்படி வாதாடும்போதெல்லாம் கட்டிலில் இருப்பவள் இடக்கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடிப்பாள். “அம்மா கெளம்பலாங்குது,” என்பாள் மகள். “உன்னை அதட்டறாள்,” என்பேன் நான். அடி நிற்காது.

முடிவு எட்டாத குடும்பக் காரியங்களில் எங்கள் பக்கத்தார் பூக் கேட்பார்கள். சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும், வேறுபாடு தெரியாதபடி கட்டி இறைவன் திருமுன் வைப்பார்கள். எதற்கு எது என்று முன்பே நினைத்துக்கொள்வார்கள். காரியத்தில் சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுப்பார். வந்த பூவே இறைவன் வாக்கு. அவிநாசி சாலைப் பக்கம் இருந்த ஒரு சிறிய முருகன் கோயிலில் பூக் கேட்பதென்று நானும் மகளும் இசைந்தோம். சிவப்பு வந்தால் கோயம்புத்தூர். வெள்ளை வந்தால் இந்த வீடு.

டாக்சியில் அவளையும் அழைத்துப் போய், கருவறைக்கு எதிரே நாற்காலியில் அமர்த்தினோம். அர்ச்சகர் பொட்டலங்களைப் பாதத்தில் வைத்துப் பூசித்து, தட்டில் கொண்டுவந்து நீட்டினார். சாமி கும்பிட வந்திருந்த ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னோம். அவள் விரல் படுவதற்குள் என் மனைவியின் இடக்கை பாய்ந்தது. இரண்டு பொட்டலங்களையும் சேர்த்து அள்ளி மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

“சரிங்க!” என்றாள். கல் மண்டபம் அதிர்ந்தது. “சரிங்க! சரிங்க!”

“அம்மாவுக்கு என்னங்க கோவம்? சாமிகிட்டக் கேக்கறதைத் தடுக்கக் கூடாதுங்க,” என்று அர்ச்சகர் திகைத்தார்.

“வெள்ளை வந்துருமோன்னு பயந்துருச்சுங்க,” என்றாள் மகள்.

“செகப்பு வந்துருமோன்னு பயந்துட்டாள்,” என்றேன் நான்.

மருத்துவர் சொன்னது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். வரவில்லை. கோபம்தான் வந்தது. மகள் மேல் கோபம், பூவை மறித்தவள் மேல் கோபம், எல்லாம் தெரிந்தும் கையில் வேலோடு நின்ற உன் மேலும் கோபம். டாக்சியில் வீடு திரும்பினோம். பொட்டலங்கள் இன்னும் அவள் மடியிலேயே இருந்தன.

வீட்டு வாசலில் இறங்கியதும் மகள் அவளைப் படியேற்றப் பார்த்தாள். அவள் வரவில்லை. மகளின் தோளைப் பற்றியபடியே காலை இழுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்குத் திரும்பினாள். ஓட்டுக் கட்டடத்தின் கதவைத் தோளால் தள்ளினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று அறுந்தது.

“அக்கா! வாங்கக்கா, வாங்க. உங்க ஸ்டூலுல ஆரும் உக்காரலீங்க. பீஸுதான் உக்காந்திருக்குது,” என்று ஒருத்தி பனியன் அடுக்கைத் தூக்கி நகர்த்தினாள்.

“மொதலாளி எங்கள உள்ளயே விட மாட்டேன்னுட்டாருக்கா,” என்றாள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த மற்றொருத்தி. “எங்க வாயக் கேட்டா நோயி கூடிப்போகுமாம்ல? நாங்களும் பயந்து போயி மெதுவாத்தேன் பேசிக்கிட்டு இருக்கோம். ஈரோடு வரைக்குந்தேன் கேக்கும்.”

என் மனைவி ஸ்டூலில் அமர்ந்தாள். பொட்டலங்களை மேசைமேல் போட்டாள். சிரித்தாள். நோய் வந்தபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பில் எந்தக் குறையும் இல்லை. அப்படியே பழைய சிரிப்பு. இடக்கையால் ஒரு பனியனை இழுத்து விரித்து வைத்துக்கொண்டாள். ஆனால் அதைப் பார்க்கவில்லை, பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூருமில்லை, என் பூசை அறையுமில்லை. நான் அடைத்து வைத்த சன்னலுக்கு அந்தப் பக்கம்!

அப்போதாவது வாயை மூடிக்கொண்டோமா? “அம்மாவுக்கு வேலையில்லாம இருக்க முடியலீங்கப்பா,” என்றாள் ஒரு நொடி சும்மா இருக்க முடியாத மகள். “நாங்க ஒழுங்காப் பாக்கறமான்னு அக்காவுக்குச் சந்தேகமுங்க,” என்றாள் ஸ்டூலை ஒழித்துக் கொடுத்தவள்; எல்லாரையும் சந்தேகிப்பவள். “ஆளில்லாத எடத்துல யாருக்குத்தேன் இருக்கப் பிடிக்கும்? நானா இருந்தா எப்பவோ ஓடியாந்திருப்பேன்,” என்றாள் மதுரைக்காரி. அவள் ஒருத்திதான் தன்னை வைத்துப் பார்க்கிறேன் என்று மறைக்காமல் சொன்னாள்.

மகள் பொட்டலங்களைப் பிரித்தாள். செவ்வரளி ஒன்றில், வெள்ளரளி ஒன்றில். சற்று நேரம் அவற்றையே பார்த்தவள், சிவப்பைத் தன் கைப்பையின் மேலும் வெள்ளையைச் செக்கிங் மேசையின் மேலும் வைத்தாள். “அம்மா, எங்கூட வர்றதுன்னா இந்தப் பூவை எடு. இங்கயே இருக்கறதுன்னா அதை எடு.” தாய் வெள்ளையை எடுத்தாள். மகள் கைப்பையைப் பூவோடு மறுபக்கம் நகர்த்தி வைத்துக் கேட்டாள். மீண்டும் வெள்ளை. மகளுக்குக் கண் கலங்கியது. வாதம் ஏதும் செய்யவில்லை. இறைவனிடம் கேட்க எடுத்துப் போன பூக்களைக் கொண்டு அவளிடமே கேட்டிருக்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றாமல் போனது எப்படி?

எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மறுநாள் மாலை பூசை அறையில் என் தாளக்கட்டையின் மேல் வெள்ளைப் பூவையும், வெறும் பலகையின் மேல் சிவப்புப் பூவையும் வைத்தேன்.

“அம்மிணி, நான் பாடறதுன்னா இது. வேண்டாம்னா அது.”

சிவப்பை எடுத்தாள்.

தவறுதலாக இருக்கும் என்று கட்டையையும் பலகையையும் பூவோடு இடம் மாற்றி வைத்தேன். தாளக்கட்டையைத் தாண்டிக் கையை நீட்டிச் சிவப்பையே எடுத்தாள். என்னை நேராகப் பார்த்து, மிக மென்மையாக, “சரிங்க” என்றாள்.

அன்று பாடவில்லை. விளக்கைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். பேச்சு இருந்த நாளில் இதை ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல் மனம் புழுங்கியது. நாள்தோறும் “பாடட்டுமா அம்மிணி?” என்று கேட்டுவிட்டுத்தானே தொடங்கினேன்! அப்போதெல்லாம் அவள் என்ன சொன்னாள் என்று எண்ணிப் பார்த்தேன். “சரிங்க” என்றுதான் சொன்னாள்.

அதன்பின் அவள் இருந்த ஆண்டுகளெல்லாம் பகலில் செக்கிங் மேசையருகே இருந்தாள். சன்னல் திறந்தே கிடந்தது. அந்தப் பேச்சை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மாலைதோறும் பூக்களை வைத்தேன். பெரும்பாலும் சிவப்பு. சில மாலைகளில் வெள்ளை. அது கிருத்திகையன்றும் வராது, நான் குரல் தெளிந்து இருந்த நாளிலும் வராது. தொண்டை கட்டியிருந்த ஒரு மழைநாளில் வந்தது. ஏன் என்று யோசித்து யோசித்துக் களைத்தேன். நான் கண்டுபிடித்த காரணங்கள் அனைத்தும் என் முகத்தோடுதான் இருந்தன.

பெருமானே, உன் அடியார்கள் தம் காதலை அளவாக வைத்தே உன் நெஞ்சை அளந்தார்கள். ஊடினார்கள், ஏசினார்கள், நீ உருகியதாகவும் பாடினார்கள். நீ மறுத்துச் சொன்னதில்லை. அந்தப் பாடல்களைப் பாடிப் பாடியே எனக்கும் அதே பழக்கம் வந்ததோ? உனக்கு அது பொறுக்கும். அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லா மனங்களுக்குள்ளும் இருக்கிறாய். உள்ளே ஒரு பலகணி வைத்திருக்கக் கூடாதா? இதுதான் என் முறையீடு. இன்னும் விடை வரவில்லை.

இதைப் படித்த அனைவரும் நலமாக வாழ்க. உங்களுக்குச் சொல் குறையும் காலம் வந்தால், பூவை உங்கள் முன்னே வைத்துப் பொறுமையாகக் காத்திருப்பவர் ஒருவர் அருகில் அமைக. நீங்கள் எடுக்கும் பூ எந்த நிறமாயினும் அதை ஏற்கும் நெஞ்சை, அவர்க்குக் குமரன் அருள்க.