மதியம் திறக்கும் போர்ட்

சேரனின் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். கம்மாபுரத்தில் யார் கேட்டாலும் அவன் அம்மா சந்திரலேகா, "விருத்தாசலத்துல ஒரு கம்பெனி போனு பூரா எம்புள்ள கையிலதான் இருக்குது" என்பாள். அவனுக்கும் அதில் பெருமைதான். ஆனால் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் அந்தக் கம்பெனியில் அவனோடு பேச ஆளில்லை. போன் ஓடுகிறவரை அவன் நினைப்பு யாருக்கும் வராது. மதியச் சோற்றை சர்வர் அறையில் தனியாகத்தான் தின்பான்.

அந்த வாரம் சர்வரே அவனைப் பயமுறுத்தியது. கம்பெனி போன்கள் எல்லாம் இன்டர்நெட் முறையில் அந்தக் கணினி வழியாகத்தான் ஓடும். இருவர் பேசினால் குரல் போய்வர சர்வரில் போர்ட்டுகள் திறக்கும், வாசல் மாதிரி. பேச்சு முடிந்தால் சாத்திக்கொள்ளும். இங்கோ தினமும் மதியம் ஒரு மணிக்கு, அழைப்புப் பட்டியலில் யாருமே இல்லாதபோது, போர்ட்டுகள் திறந்து வெகுநேரம் குரலைக் கடத்திக்கொண்டிருந்தன.

முதலாளி ஜம்புலிங்கத்திடம் சொன்னான்.

"எவனாவது நம்ம லைன்ல வெளிநாடு பேசறானா?"

"பாத்துட்டுச் சொல்றேங்க சார்."

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லு தம்பி. இல்லன்னா இந்த வேலய மெட்ராஸ்காரங்கிட்ட குடுத்துடறேன். நீ ஊருக்குப் போயி நாத்து நடலாம்."

மறுநாள் போர்ட் திறந்ததும், குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினான். வெளியிலிருந்து இல்லை. ஆர்டர் இல்லாமல் பூட்டிக்கிடக்கும் இரண்டாம் யூனிட்டின் வாட்ச்மேன் அறையிலிருந்து. அழைப்பு போனது டெஸ்ட் நம்பருக்கு. பேசுகிறவர் குரலை அவர் காதுக்கே திருப்பி அனுப்பும் எண் அது. டெஸ்ட் அழைப்புகள் பட்டியலை அடைக்க வேண்டாமென்று அதில் வராதபடி அதை மறைத்து வைத்தவன் சேரன். போன் மாட்டிய அன்று வாட்ச்மேன் நல்லமுத்துவிடம், "இத அடிச்சுப் பேசுங்கய்யா, உங்க குரலு திரும்பி வந்தா போனு நல்லாருக்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான்.

பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அறை ஜன்னல் திறந்திருந்தது.

"சாப்டியா?" என்றார் நல்லமுத்து ரிசீவரில். அந்தக் குரல் திரும்பி வரும்வரை பொறுத்து, "ஆச்சு. ரசந்தான்" என்றார். பிறகு, "காலுவலி எப்படி இருக்குது?" மறுபடி பொறுத்தார். "அது எங்க போவும்."

சேரன் கூப்பிடாமல் திரும்பிவிட்டான்.

"வெளியாளு இல்லீங்க சார். நம்ம டெஸ்ட் நம்பர்தான்." அடித்தது யார் என்று அவன் முதலாளியிடம் சொல்லவில்லை.

"அப்ப அத எடுத்துடு. வெட்டியா என்னத்துக்கு?"

வேலை தப்பியது. எண்ணை எடுக்க உட்கார்ந்தவனுக்கு மனசு வரவில்லை. கடைசியில், அதை அடித்தால் தன் மேசைப் போன் அடிக்கும்படி மாற்றிவைத்தான்.

மறுநாள் ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"சாப்டியா?"

"சாப்டேன்யா. நீங்க சாப்டீங்களா?"



"யாரு... போன் தம்பிங்களா? போனு கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லய்யா, நல்லாத்தான் இருக்குது. சும்மா பேசுங்க."

"தெரியாம அடிச்சிட்டேன் தம்பி. மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. வச்சிடறேங்க."

திரையில் போர்ட்டுகள் சாத்திக்கொண்டன.

அடுத்த நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே சேரன் உட்கார்ந்திருந்தான். ஒரு மணி ஆனது, இரண்டும் ஆனது. திரையில் எதுவும் திறக்கவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது.