டீசலுக்குக் கொடுத்த பணம்

அம்மாவின் தொடை எலும்பில் தகடு வைத்த செலவு முழுவதும் எங்கள் கையிலிருந்துதான் போனது. அக்கா கல்யாணத்துக்கென்று சேர்த்திருந்த நகைகள் அதற்காக வங்கியில் அடகுக்குப் போயின. கார் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. அப்பா வாய் தவறியும் பொய் சொல்லாததுதான் காரணம்.

கார், காரைக்கால் பக்கம் எங்கள் ஊரான போலகத்தில் அடுத்த தெரு பாய் வீட்டுடையது. அந்த வீட்டு மூத்தவர் துபாயில் இருக்கிறார். வண்டியை ஓட்டுவது அவருடைய தம்பி. அக்காவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க மாயவரம் போகவேண்டும் என்றதும் சாவியோடு வந்து நின்றவர் அவர்தான். எங்கள் பக்கம் புதுச்சேரி மாநிலம் என்பதால் டீசல் விலை கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுமுன் டாங்கை நிரப்பிக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். பங்க்கில் அப்பா இறங்கி, அவர் வேண்டாம் என்று கையைத் தள்ளத் தள்ள, இரண்டாயிரத்தை அவர் சட்டைப்பையில் திணித்தார். அம்பகரத்தூரை நெருங்கும்போது ஓர் ஆடு குறுக்கே ஓடியது. கார் மதகுச் சுவரில் மோதி நின்றது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை.

பிறகு இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். நன்றாகத்தான் பேசினார். போகிற போக்கில், சும்மாவா கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்டார். அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

“ஓசியில ஏறுற ஆளுங்க இல்லீங்க நாங்க. ரெண்டாயிரம் கொடுத்துத்தான் போனோம்.”

சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு ஓட்டியதால் இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்தது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு முறை படித்துச் சொன்னேன். “வாடகைன்னு நான் எங்கடா சொன்னேன்?” என்று அப்பா என்னையே கேட்டார், ஏதோ நான் எழுதிய கடிதம் மாதிரி.

காரைக்கால் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். அப்பா சாட்சி சொல்லவேண்டிய நாளில் எங்கள் வக்கீல் வராந்தாவில் ஓரமாக அழைத்துப் போய்ச் சுருக்கமாகச் சொன்னார்: பணமே கொடுக்கவில்லை, அன்றைக்குப் பதற்றத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று சொன்னால் போதும். வாடகை என்று தீர்ப்பாகிவிட்டால் கடைசியில் அந்தச் செலவு பாய் வீட்டுத் தலையில்தான் விடியும். கார் ஓட்டிய தம்பி சற்றுத் தள்ளித் தூணோரம் நின்றிருந்தார். அவருக்கும் சாட்சிச் சம்மன் வந்திருந்தது. அப்பாவைப் பார்க்காமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் அப்பாவிடம் கெஞ்சினேன். அக்காவை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டதோடு சரி. பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார்.

கம்பெனி வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. பணம் கொடுத்தீர்களா, இல்லையா?

“கொடுத்தேங்க.”

எங்கள் வக்கீல் பேனாவை மூடி வைத்தார். அப்படியானால் எவ்வளவு வாடகை பேசினீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அப்பா அவரை விட்டுவிட்டு நீதிபதியைப் பார்த்தார்.

“வாடகை பேசிப் போறதுன்னா டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போயிருப்பேங்கய்யா. அவங்க தோப்புக்குத் தண்ணி இறைக்க எங்க இஞ்சின எடுத்துட்டுப் போவாங்க. திருப்பி அனுப்பையில டீசல் ஊத்தித்தான் அனுப்புவாங்க. அவங்க வண்டிய எடுத்தா நான் ஊத்துவேன். வெறும் டாங்கோட திருப்பிக் கொடுத்தா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?”

நீதிபதி, அன்றைக்கு எவ்வளவு டீசல் போட்டார்கள் என்று கேட்டார். அந்த இரண்டாயிரத்துக்கும் போட்டதாக அப்பா சொன்னார். பிறகு கூண்டேறிய தம்பியும் அதையே சொன்னார். அந்த இஞ்சின் போன மாதம்கூடத் தோப்பில்தான் ஓடியது என்றும் சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டபிறகுதான் எங்கள் வக்கீல் பேனாவைத் திறந்தார்.

தீர்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். எண்ணெய்ச் செலவைக் கொடுத்தது வாடகை ஆகாது, கம்பெனிதான் கட்டவேண்டும் என்று வந்தது. ரசீது வாங்காமல் வெளியில் வாங்கிய மருந்துகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நகைகளை மீட்க, கிடைத்த மீதிப் பணம் போதுமானதாக இருந்தது.

அடுத்த மாதம் அம்மாவை எக்ஸ்ரே எடுக்கத் தஞ்சாவூர் கூட்டிப்போகவேண்டியிருந்தது. பாய் வீட்டுத் தம்பிதான் காரெடுத்து வந்தார். பங்க்கில் வண்டி நின்றதும் அப்பாவின் கை மடிக்குப் போயிற்று. தம்பி பதறிப்போய்க் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டார்.

“மாமா, உங்க கால்ல விழுறேன். மறுபடி கேஸாயிரும்.”

“அப்ப நாங்க எறங்கிக்கிறோம். பஸ்ல போய்க்கிறோம்” என்று அம்மாவை எழுப்பப்போனார் அப்பா.

காலை நீட்டிப் பின்சீட்டில் படுத்திருந்த அம்மா, வாங்கித் தொலை தம்பி என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். நான் இறங்கிப் போய் ரசீது கேட்டு வாங்கினேன்.