சேரன் கொண்டுவந்த மென்பவளம்

ஜெயபாரதி நாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். அங்கே இருக்கும் பாட்டில்களுக்கு அவள்தான் நிரந்தரம். பாம்போ மீனோ, எது வந்தாலும் ஃபார்மலினில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, சீட்டு ஒட்டிவிடுவாள். பதினெட்டு வருடத்தில் ஒன்றுகூட அழுகியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திருவாரூர்ப் பக்கம் நெல்வயலுக்கு நடுவே பிறந்தவள், வீட்டை எதிர்த்துக்கொண்டு விசைப்படகுக்காரன் சேரனைக் கட்டிக்கொண்டாள். வலையில் விசித்திரமாக ஏதாவது சிக்கினால் மற்றவர்கள் கடலிலேயே வீசிவிடுவார்கள். சேரன் மட்டும் பெண்டாட்டிக்கு எடுத்து வருவான். அப்படித்தான் ஒருநாள் வாளிக் கடல்நீரில் ஊதா நிற மென்பவளம் ஒன்றோடு வந்து நின்றான்.

"பாரதி, இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. பேர் என்னன்னு கேட்டுச் சொல்லு."

"இங்க யாருக்குங்க தெரியும்? பத்திரமா வச்சிருக்கேன். தெரிஞ்சவங்க வந்தா கேப்போம்."

அடுத்த முறை கடலுக்குப் போன சேரனின் படகு திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் கேட்டுவிட்டுப் போன கேள்விதான் அவளுக்கு மிஞ்சியது. மூன்று வருடம் அந்த மென்பவளம் இருந்த பாட்டிலைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

இந்த ஆண்டு, பவளத்தைப் பற்றியே படித்த ஜஸீலா பேராசிரியையாகச் சேர்ந்தாள். கூத்தாநல்லூர்ப் பெண். சேரன் அன்றைக்கே செல்போனில் எடுத்து அனுப்பியிருந்த படத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தாள்.

"அக்கா, இது இதுவரைக்கும் பேரே வைக்காத இனமாக்கூட இருக்கலாம். உள்ள கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முள்ளுங்க இருக்கும். அதோட வடிவத்தப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

ஜெயபாரதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாட்டிலை அவளே எடுத்து வந்தாள்.

ஜஸீலா ஒரு துணுக்கை வெட்டி, சதை கரைந்து முள் மட்டும் மிஞ்சுவதற்காக ப்ளீச்சில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்தாள். இன்னொரு துணுக்கு. இன்னொன்று. பிறகு பாட்டிலை முகர்ந்தாள்.

"ஃபார்மலின்லயா போட்டீங்க?"

"ஆமா மேடம். எல்லாத்தையும் அதுலதான போடுவேன்."

"பவளத்துக்கு ஆல்கஹால்தான்க்கா. ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாயிடும். முள்ளு பூராவும் கரைஞ்சிருச்சு. மரபணுவும் தேறாது." ஜஸீலாவின் குரல் இறங்கியது. "எங்க கிடைச்சதுன்னு தெரிஞ்சா வேற ஒண்ணு தேடலாம்."

"அவருக்குத்தான் தெரியும்."

ஜஸீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தப்பு இல்லக்கா. யாரும் சொல்லித் தரலையே."

ஜெயபாரதி பாட்டிலையே பார்த்தாள்.

"அவரக் கடல் கொண்டுக்கிட்டுப் போச்சு மேடம். அவரு குடுத்தத நான்தான் கரைச்சுட்டேன்."